பேயும் அல்ல, பாவமும் அல்ல!

மதுரையிலே பிறந்து, மதுரையிலே வளர்ந்து, மதுரையிலேயே முதுமை எய்திய ஒருவர், மதுரைக்குள்ளே வழி தெரியாமல் திகைத்து நிற்பாரா? நிற்பார் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் தோன்றும். ஏனெனில் அந்நகரின் அமைப்பு அப்படி. நடுவிலே கோயில். மதிலுக்குள்ளே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதனைச் சூழ்ந்து ஆவணி மூல வீதி. அதற்கும் அப்பால் மாசி வீதி. எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம், அதற்குள்ளும் சதுரம்! எந்த மூலையில் நின்று தலை நிமிர்ந்தாலும் ஏதேனும் ஒரு கோபுரம் திசை காட்டும். அந்த நகரிலே, ஐம்பது ஆண்டுகள் கடை நடத்திய பெரியவர் ஒருவர், காலையில் காப்பி குடிக்கப் போனவர், மேல மாசி வீதி முனையில் நின்றுகொண்டு, போவோர் வருவோரிடம் தம் வீட்டுக்கு வழி கேட்கிறார்.

“வயசாயிப்போச்சு, புத்தி மங்கிப்போச்சு” என்கிறது வீதி.

மேலூர்ப் பக்கம் ஓர் உழவர். ஒரு நாள் கை சற்றே மரத்தது, வாய் லேசாகக் கோணிற்று. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் கணக்கு வழக்கிலே பழைய தெளிவு இல்லை. ஆறு திங்கள் கழித்து மீண்டும் ஒரு தளர்ச்சி. அறிவு இன்னும் ஒரு படி இறங்கிற்று. நடை சிறுத்தது. காரணமின்றி அழுகிறார். “சனி புடிச்சு ஆட்டுது” என்கிறது ஊர்.

சோழவந்தான் பக்கம் ஒரு மூதாட்டி. அந்தி மயங்கினால் திண்ணையிலே சிறு பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். அவர்களுக்குச் சோறு போடவில்லையே என்று மருமகளைக் கடிந்துகொள்கிறார். விடிந்தால் தெளிவாக இருக்கிறார். மறுநாள் மீண்டும் கலக்கம். “ஆத்தாவுக்குப் பேய் புடிச்சிருக்கு, கோடாங்கியைக் கூப்பிடு” என்கிறது குடும்பம். உடுக்கை ஒலிக்கிறது, வேப்பிலை வீசப்படுகிறது, எண்பது வயது முதுகின்மீது அடி விழுகிறது!

திருமங்கலத்தில் ஓர் ஆசிரியர். வயது ஐம்பத்தைந்துதான். மறதி இல்லை. ஆனால் மனிதரே மாறிவிட்டார். அடக்கமே உருவானவர் கண்டபடி பேசுகிறார். கடையில் எடுத்த பண்டத்துக்குக் காசு கொடாமல் நடக்கிறார். மனைவி நோயுற்றுக் கிடந்தாலும் கண் கலங்குவதில்லை. “கொழுப்பு! நடத்தை கெட்டுவிட்டது!” என்கிறார்கள் உறவினர்.

நான்கு வீடுகள், நான்கு தீர்ப்புகள், நான்கும் தவறு! இந்த வீடுகளுக்குப் பெயர் இல்லை. எந்த ஊரிலும் இருப்பவை, எவர் வீடாகவும் இருக்கக்கூடியவை. நான்கிலும் உள்ளது மூளையைப் பற்றிய நோய். ஆனால் ஒரே நோய் அல்ல. நான்கும் வேறு வேறு. இந்த வேற்றுமையை மனித குலம் எப்படிக் கண்டுபிடித்தது என்ற வரலாறு, மன்னர்கள் போரிட்ட வரலாற்றைக் காட்டிலும் நமக்குப் பயன்படும் வரலாறு. அதையே ஈண்டு கூறப் புகுகிறோம்.

முதலில், முன்னோர் என்ன சொன்னார்கள்? புராணம் புகன்றது யயாதி கதையை. சாபத்தால் முதுமை வந்துற்றதாம் அரசனுக்கு. அதைப் பிள்ளை தலையில் ஏற்றிவிட்டு, பிள்ளையின் இளமையைத் தான் வாங்கி இன்பம் துய்த்தானாம்! முதுமையென்பது சாபம், மூட்டை, கைமாற்றிவிடத்தக்க சுமை என்பதுதான் அக்கதை கற்பித்த பாடம். வருணாசிரமம் வகுத்தவர்களோ, ஒதுங்கவேண்டிய வயது வந்ததும் காட்டைக் காட்டினார்கள். வானப்பிரஸ்தம் என்று அதற்கு வடமொழியிலே பெயரும் சூட்டினார்கள். வழி மறந்துபோன முதியவரைக் காட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தார்களா!

தமிழன் பார்வை வேறாக இருந்தது. புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய முதியவர், கோலூன்றித் தளர்ந்து, இருமலுக்கிடையே பேசுகிறவர். ஆயினும் மடுவிலே குதித்து மணலெடுத்து வந்த இளமையை எண்ணி ஏங்குகிறார். அங்கே சாபமில்லை, பாவமில்லை. மனிதர் இருக்கிறார், அவர் நினைவு இருக்கிறது. ஈழத் தமிழர் பேச்சிலே ‘அறளை பெயர்தல்’ என்றொரு தொடர் வாழ்கிறது. முதுமையில் அறிவு தடுமாறுதலைக் குறிப்பது அது. பேயைக் குறிப்பதன்று. சொல் இருந்தது நம்மிடம். அதன்மேல் ஆராய்ச்சி வளரவில்லை. வளரவேண்டிய இடத்தில் உடுக்கை ஒலித்தது.

மேனாட்டிலும் நெடுங்காலம் இருள்தான். மனம் கலங்கினோரைச் சங்கிலியால் பிணைத்தது ஐரோப்பாவும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தையொட்டிப் பாரிசிலே மருத்துவர் பினேலும், அவருடன் பணியாற்றிய புசேனும் அச்சங்கிலிகளை அகற்றத் துணிந்தனர். பினேலின் மாணவர் எஸ்கிரோல், பிறவியிலேயே அறிவு வளராதவரையும், வளர்ந்த அறிவை இழந்தவரையும் பிரித்துக் காட்டினார். முன்னவர் பிறவி வறியவர் போன்றவர். பின்னவர், செல்வராயிருந்து வறுமையுற்றவர் போன்றவர் என்பது அவர் விளக்கம். ‘டிமென்ஷியா’ என்ற இலத்தீன் சொல்லும் மனத்தினின்று விலகிய நிலை என்றே பொருள்படும். நாம் அதை மறதி நோய் என்கிறோம். முழுப் பொருத்தமில்லாத பெயர். ஏனெனில் மறதியே இல்லாமலும் அது தொடங்கலாம்.

நம் நாட்டில்? 1794இல் சென்னையிலே கம்பெனி ஆட்சியில் மனநோயர் விடுதி ஒன்று தோன்றிற்று. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய விடுதி திறக்கப்பட்டது. அது மருத்துவத்தின் தொடக்கம். ஆனால், பாரிசில் சங்கிலி அறுந்து இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், மதுரைக்குத் தெற்கே இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றிலே தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த காரணத்தால் ஓடவும் மாட்டாமல் 28 உயிர்கள் கருகின! அந்தச் சங்கிலி இரும்பால் மட்டுமா செய்யப்பட்டது? அறியாமையாலும் செய்யப்பட்டது.

இனி, நான்கு வீடுகளின் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்த சாவிகளைக் காண்போம்.

1901 நவம்பர். ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரம். அவுகுஸ்டே டேட்டர் என்ற பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். வயது 51. இரயில்வேயில் எழுத்தராக இருந்தவரின் மனைவி. காரணமின்றிக் கணவர்மேல் ஐயம். பொருள்களை எங்கெங்கோ ஒளித்து வைத்தல். சொந்த வீட்டிலேயே தடுமாற்றம். ஆலோயிஸ் ஆல்சைமர் என்ற மருத்துவர் எதிரே அமர்ந்து, பெயர் என்ன என்று கேட்டார். தம் பெயரைச் சொன்னார் அம்மையார். கணவர் பெயர் என்ன என்று கேட்டார். அதற்கும் தம் பெயரையே சொன்னார்! தட்டிலே இறைச்சியும் காலிஃபிளவரும் இருக்க, உண்பது கீரை என்றார். எழுதச் சொன்னால் பெயரைத் தொடங்கி நடுவிலே மறந்தார். மருத்துவர் நகைக்கவில்லை, நாள்தோறும் குறித்து வைத்தார்.

1906 ஏப்ரலில் அம்மையார் மறைந்தார். அதற்குள் மூனிச் நகருக்குச் சென்றுவிட்ட ஆல்சைமர், அவருடைய மூளையை வரவழைத்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கி வழியே நோக்கினார். செல்களுக்கு வெளியே படிவுகள்; உள்ளே சிக்குண்ட நார்கள். அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரிலே மருத்துவர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். கேட்டவர்கள் வினாக்கூட எழுப்பவில்லை! 1910இல் கிரேப்பலின் என்ற பேராசிரியர் தம் பாடநூலில் அந்நோய்க்கு ஆல்சைமர் பெயரையே இட்டார். அவுகுஸ்டே அம்மையாரின் பழைய குறிப்பேடு தொலைந்ததாகக் கருதப்பட்டு, 1995இல் பிராங்க்பர்ட்டிலேயே மீண்டும் கிடைத்தது என்பது வியப்பான செய்தி.

அந்த ஆய்வுக்கூடத்திலே அப்போது யார் யார் பணியாற்றினர் என்பதை அறிந்தால், சமூக நீதி பேசுவோர் நெஞ்சு நிமிரும். ஒருவர் சாலமன் கார்ட்டர் புல்லர். கறுப்பர். ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டில் 1872இல் பிறந்தவர். அவருடைய பாட்டனார் அமெரிக்காவில் அடிமையாக இருந்து, விடுதலையை விலை கொடுத்து வாங்கியவர். பேரன் மூனிச்சிலே நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார், அமெரிக்கா திரும்பி ஆல்சைமரின் ஆய்வை ஆங்கிலத்தில் தந்தார், தாமும் ஆராய்ந்தார். கைம்மாறு? வெள்ளையருக்குக் கொடுத்த சம்பளம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு இளையவரான வெள்ளையர் ஒருவரைத் தலைமைப் பேராசிரியராக்கினர். 1933இல் அவர் பதவி துறந்தார். தோலின் நிறம் பார்த்தவர்கள், நுண்ணோக்கியின் கண்ணுக்குத் தோலே தெரியாது என்பதை மறந்தார்கள்!

முதல் வீட்டின் கதவு இதனால் திறந்தது. மாசி வீதிப் பெரியவருக்கு வந்திருப்பது ஆல்சைமர் வகையாக இருக்கலாம். அதன் அடையாளம் என்ன? ஓசையின்றி வரும், எந்த நாளில் தொடங்கிற்று என்று வீட்டாரால் சொல்ல இயலாது. நேற்று நடந்தது நில்லாது. நாற்பது ஆண்டுக்கு முன் நடந்தது நிற்கும். திருமணத்தன்று பந்தியில் பரிமாறியதை வரிசையாகச் சொல்வார். காலையில் உண்டதைக் கேட்டால் விழிப்பார். கேட்ட கேள்வியையே பத்து முறை கேட்பார். பிறகு சொல் தட்டும், வழி தவறும், சட்டையை முன்பின்னாக அணிவார். ஆண்டுக்கணக்கில், சரிவிலே நீர் இறங்குவதுபோல் இறங்கும். மறதி நோயருள் பெரும்பகுதியினர் இவ்வகையினரே.

ஆனால் ஒன்று. 51 வயது அம்மையாரிடம் கண்ட காரணத்தால், இது நடுவயதில் வரும் அரிய நோய் என்றே அரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவ உலகம் எண்ணிற்று. எழுபது வயதில் வந்தால், “முதுமை, அவ்வளவுதான்” என்று கைவிரித்தது. மாசி வீதி சொன்ன அதே தீர்ப்பு! 1968இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஆய்வாளர் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் ஆகியோர் முதியோர் மூளைகளை ஆராய்ந்து, அங்கும் அதே படிவுகளைக் கண்டனர். 1976இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன், இரண்டும் ஒரே நோய், பல்லாயிரவரைக் கொல்லும் நோய் என்று எடுத்துரைத்தார். மூடநம்பிக்கை கோடாங்கியிடம் மட்டும் இருப்பதல்ல, கற்றவரிடமும் குடியிருக்கும். வேறுபாடு என்னவெனில், அறிவியல் தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ளும், உடுக்கை திருத்திக்கொள்வதில்லை.

இரண்டாவது வீடு, மேலூர். மூளைக்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால்கள் இரத்தக் குழாய்கள். வாய்க்கால் அடைபட்டால் கடைமடை வயல் கருகும் என்பதை அவ்வூர் உழவருக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. 1894இல் பின்ஸ்வாங்கர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், குழாய்க் கேட்டால் மூளையின் உட்பகுதி நலிந்து அறிவு மங்குவதை விளக்கினார். 1974இல் ஹச்சின்ஸ்கி என்பார், சிறு சிறு அடைப்புகள் பல சேர்ந்து விளைவிக்கும் மறதி நோயைத் தெளிவுபடுத்தினார். இதன் அடையாளம் சரிவு அல்ல, படிக்கட்டு. திடீரென ஒரு படி இறங்கும்; சில காலம் நிற்கும்; மீண்டும் ஒரு படி. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகைப்பழக்கம் பின்னணியில் இருக்கும். மறதியைவிட மந்தம் மிகும், நடை தளரும், அழுகையும் சிரிப்பும் அடக்கமின்றி வரும். இவ்வகையிலேதான் தடுப்பு மிகுதியும் நம் கையில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் இரத்தக் கொதிப்பு மாத்திரை, இதயத்தை மட்டுமல்ல, அறிவையும் காக்கும் மாத்திரை. அதை வாங்கி உறியிலே போட்டுவிட்டுச் சனிப் பெயர்ச்சிப் பலன் பார்ப்போரை என்னென்பது!

மூன்றாவது வீடு, சோழவந்தான். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட வீடு. இதற்குச் சாவி தந்தவர் பிரிட்ஸ் லூயி. ஆல்சைமரின் மூனிச் கூடத்திலே பணியாற்றிய இளைஞர். 1912இல், நடுக்கு நோயரின் மூளைச் செல்களில் உருண்டையான படிவுகளைக் கண்டார். அவர் யூதர். 1933இல் ஆரிய இனப் பெருமை பேசிய இட்லர் ஆட்சி ஏறியதும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அமெரிக்காவில் 1950இல் மறைந்தார். இன ஆணவம் அறிவை நாடு கடத்திற்று! அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் ஓர் ஆசியர். ஜப்பானிய மருத்துவர் கொசாகா. 1976 முதல், அதே படிவுகள் மூளையெங்கும் பரவினால் தனிவகை மறதி நோய் உண்டாகும் என்று காட்டினார். 1996இல் உலக மருத்துவர்கள் கூடி அதற்கு இலக்கணம் வகுத்தனர்.

இலக்கணம் யாது? இல்லாத உருவங்கள், பெரும்பாலும் சிறுவர், மனிதர், விலங்குகள், தெளிவாகக் கண்ணுக்குத் தோன்றும். ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் கலக்கம். உடல் விறைக்கும், நடை குறுகும், கை நடுங்கும். உறக்கத்திலே கனவுக்கேற்பக் கை வீசுவார், கத்துவார். இது மற்ற அடையாளங்களுக்குப் பல்லாண்டு முன்னரே தொடங்குவதுண்டு. திண்ணைப் பிள்ளைகள் யார் என்பது இப்போது புரிகிறதா? அவர்கள் சுடுகாட்டிலிருந்து வந்தவர்களல்லர். மூளையின் படிவுகளிலிருந்து வந்தவர்கள்! வகையறிவதன் இன்றியமையாமை இங்கேதான் மிகுதி. மனக்கலக்கத்தை அடக்கத் தரும் சில மருந்துகள் இவ்வகை நோயருக்குக் கடுந்தீங்கு செய்யும். உடலை மரமாக விறைக்கச் செய்து உயிருக்கே உலை வைக்கும். ஆகவே, உருவங்கள் தெரிவதையும் விறைப்பையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். “பேய் என்று சிரிப்பார்களே” என்று வெட்கி மறைத்தால், அந்த வெட்கமே நஞ்சாகும்.

நான்காவது வீடு, திருமங்கலம். 1892இல் பிராகு நகரத்து மருத்துவர் ஆர்னால்டு பிக், பேச்சு குலைந்த ஒரு நோயரின் மூளையில் ஒரு பகுதி மட்டும் சுருங்கியிருப்பதைக் கண்டார். பின்னர், நெற்றிப் புறமும் பொட்டுப் புறமும் நலியும் தனிவகை இது என்று தெளிவாயிற்று. ஐம்பது, அறுபது வயதில் தொடங்குவது மிகுதி. நினைவு நிற்கும், நாணம் போகும். இரக்கம் வற்றும், இனிப்பின்மேல் அடங்கா வேட்கை பிறக்கும், சிலருக்குச் சொற்களின் பொருளே மறையும். 2023இல் அமெரிக்கத் திரைப்பட நடிகர் புரூஸ் வில்லிசுக்கு இவ்வகை நோய் என்று குடும்பத்தார் அறிவித்தபோது உலகம் இதன் பெயரை அறிந்தது. உலகப் புகழ் பெற்ற நடிகருக்கு வந்தால் நோய். நம் ஊர் ஆசிரியருக்கு வந்தால் நடத்தைக் கேடா? இது ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டால் என்னென்ன பழி சுமத்தப்படும் என்பதை எண்ணினால் நெஞ்சு நடுங்குகிறது!

இந்நான்கோடு முடிந்ததா? இல்லை. முதுமையில் இரண்டு வகை ஒருங்கே கூடுவதும் உண்டு. அதனினும் முக்கியம், மறதி நோய்போலத் தோன்றும் மாற்றக்கூடிய கேடுகள். தைராய்டுக் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உள்ளே மெல்லக் கசிந்த குருதி, இவை அறிவை மங்கவைக்கும். மருத்துவம் செய்தால் மீட்கலாம். இரண்டு மூன்று நாளில் திடீரென மூண்ட குழப்பமோ, பெரும்பாலும் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ நீர் வறட்சியோ மருந்தோ விளைவிப்பது. அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டியது.

பசியும் பைத்தியம் ஆக்கும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. ‘பெல்லாக்ரா’ என்ற நோய் தோலைக் கருக்கி, வயிற்றைக் கெடுத்து, அறிவையும் அழித்தது. அமெரிக்கத் தென் மாநில ஏழைகள் அதனால் விடுதிகளில் அடைபட்டனர். தொற்று என்றார்கள், குலக்கேடு என்றார்கள். கோல்டுபெர்கர் என்ற மருத்துவர் 1914 முதல் ஆராய்ந்து, அது உணவுக் குறை என்று நாட்டினார். சோளத்தையே உண்டு வாழ்ந்த இந்திய ஏழைகளிடம் அந்நோய் வரும் காரணத்தை 1960இல் ஆராய்ந்துரைத்தவர்களுள் ஒருவர், சேலத்தில் பிறந்த கோபாலன். குலக்கேடு என்றது பொய்யாயிற்று. வயிற்றுக் கேடு என்பது மெய்யாயிற்று.

ஆகவே, பெற்றவரிடம் மாற்றம் கண்டால் மக்கள் செய்யவேண்டியது என்ன? ஆல்சைமர் செய்ததையே செய்யவேண்டும்: கவனித்துக் குறித்து வைக்கவேண்டும். எப்போது தொடங்கிற்று? மெல்லவா, திடீரெனவா? சரிவா, படிக்கட்டா? முதலில் போனது நினைவா, நடையா, குணமா, சொல்லா? உருவங்கள் தெரிகின்றனவா? உறக்கம் எப்படி? என்னென்ன மருந்து உண்கிறார்? காது கேட்கிறதா, கண் தெரிகிறதா? இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டினால், பாதி வழி கடந்தாயிற்று. மீதியை இரத்தச் சோதனையும் மூளைப் படமும் மருத்துவர் அறிவும் கடக்கும். வகையை முடிவு செய்வது மருத்துவர் கடமை. அடையாளத்தைச் சொல்வது நம் கடமை.

ஓர் எச்சரிக்கை. 1975இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டு உலகெங்கும் பரவிய அறிவுச் சோதனை, தேதி கேட்கும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். கையெழுத்தே போடத் தெரியாத நம் தாய் அதில் தோற்பார். நோயினால் அன்று, பள்ளிக்கு அனுப்பாத சமூகத்தினால்! இக்குறையைக் களைய 1998இல் உருவான ‘10/66’ என்ற ஆய்வுக் குழு, எழுத்தறியாதோர்க்கும் ஏற்ற முறையை வகுக்க முனைந்தது. நோயருள் 66 விழுக்காட்டினர் ஏழை நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதில்லை என்பதே அப்பெயரின் பொருள். சென்னையும் வேலூர் ஊர்ப்புறமும் அதன் ஆய்வுக் களங்கள். நம் தாயிடம் ஆங்கிலத் தேதியைக் கேளாதீர். இது ஆடியா ஆவணியா என்று கேளுங்கள். குழம்புக்கு எதை முதலில், எதை அடுத்துப் போடுவது என்று கேளுங்கள். நூறு ரூபாய்க்கு மீதிச் சில்லறை கேளுங்கள்.

கல்வி என்றதும் ஓர் உண்மை நெஞ்சைச் சுடுகிறது. 2024இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் குழு, மறதி நோய்க்கு வழிகோலும் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றை அகற்ற முடிந்தால், ஏறத்தாழ 45 விழுக்காட்டு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. இளமையில் கல்வியின்மை அவற்றுள் ஒன்று. இந்தியாவில் 60 வயது கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயர் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், கற்றவரைவிடக் கல்லாதவரிடமும் மிகுதி என்றும் கூறிற்று. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. அன்று பள்ளி வாயிலை மிதிக்காத சிறுமிகளே இன்று எண்பதை எட்டிய அப்பத்தாக்கள்! படிப்பு உனக்கெதற்கு என்று சூத்திரனையும் பெண்ணையும் தடுத்தவர்கள், அவர்களுடைய இளமையை மட்டுமா திருடினார்கள்? முதுமையின் அறிவையும் சேர்த்தன்றோ திருடினார்கள்! 1920இல் நீதிக்கட்சியார் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறிட்டதும், 1953இல் அரைநேரப் படிப்புத் திட்டத்தை எதிர்த்து நாடு கிளர்ந்ததும், பின்னர் காமராசர் பள்ளிகளைப் பெருக்கியதும் வேலைவாய்ப்புக்கான போராட்டம் என்றே எண்ணினோம். மூளையைக் காக்கும் போராட்டமும் அதுவே என்று இன்று அறிவியல் சான்று தருகிறது.

அப்பட்டியலில் பார்வைக் குறையும் செவிக் குறையும் உண்டு. இதற்கும் மதுரையே விடை தந்தது. 1976இல், ஓய்வு பெற்ற மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிய விரல்களோடு, 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்ப்புற முதியோரின் கண்புரையை நீக்கி ஒளி தந்தது. கண்ணுக்கு ஒளி தந்தவர்கள், அறிவுக்கும் அரண் அமைத்தவர்களே. கண்ணுக்கு முகாம் கூட்டிய இம்மாவட்டம், மறதிக்கும் முகாம் கூட்டக்கூடாதா?

கூட்டியாகவேண்டும். ஏனெனில், கூட்டாவிட்டால் நேர்வது கொடுமை. மதுரை, விருதுநகர்ச் சீமைகளில் ‘தலைக்கூத்தல்’ என்றொரு பழக்கம் மறைவிலே வாழ்ந்து வந்ததை நாடறியும். படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய்க் குளியல் என்ற பெயரால் அனுப்பிவிடும் வழக்கம். 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் தமக்கு நாள் குறித்ததை அறிந்த முதியவர் ஒருவர் வீட்டை விட்டு ஓடிப் பிழைத்த செய்தி ஏடுகளில் வந்தது. பெற்றோரைப் பேணச் சட்டம் வந்தது 2007இல். ஆனால் சட்டத்தின் கை சமையற்கட்டு வரை நீள்வதில்லை. செய்தவரைத் தூற்றுவது எளிது. இரவெல்லாம் விழித்து, மலமும் சிறுநீரும் எடுத்து, கூலி வேலையும் இழந்து தவிக்கும் வீட்டுக்கு யார் துணை நின்றார்கள்? அந்தச் சுமை மகன் தலையிலும் இல்லை. பெரும்பாலும் மருமகள் தலையில், மகள் தலையில்! யயாதியின் மூட்டையை இன்றும் பெண்ணே சுமக்கிறாள். பகற்காப்பகம் வேண்டும், பயிற்சி பெற்ற துணையாள் வேண்டும், மாவட்டந்தோறும் மறதி மருத்துவம் வேண்டும். 2024இல் சென்னை கிண்டியில் முதியோர்க்கெனத் தேசிய மருத்துவமனை திறந்தது நன்று. ஆனால் உசிலம்பட்டி மூதாட்டிக்குக் கிண்டி வெகு தொலைவு!

முற்றும் குணமாக்கும் மருந்து ஆல்சைமர் நோய்க்கு இன்னும் இல்லை. தணிக்கும் மருந்துகள் உண்டு. சிலருக்குச் சற்றே தாமதிக்கச் செய்யும் புது மருந்துகளும் வந்துள்ளன. மருந்தினும் மேலானது, நோயரை நோயராக அறிதல். அறிந்தால் அடிக்கமாட்டோம், அறிந்தால் வாதாடமாட்டோம், “திண்ணையில் பிள்ளைகள்” என்றால், “அவர்கள் சாப்பிட்டாயிற்று, ஆத்தா” என்று அமைதி சொல்லுவோம்.

முதுமை வேறு, நோய் வேறு. தந்தை பெரியார் தம் 95ஆவது வயதில், 1973 டிசம்பர் 19ஆம் நாள், சென்னைத் தியாகராய நகரிலே மேடையேறி முழங்கினார்; ஐந்தாம் நாள் மறைந்தார். முதுமை வந்தால் புத்தி போகும் என்பாருக்கு அந்த மேடையே மறுப்பு. பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும், ஆண்டு பலவாயும் நரை வாராமைக்குக் காரணம் கூறுகையில், மந்திரம் கூறவில்லை, மூலிகை கூறவில்லை. நல்ல குடும்பம், கருத்தறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத ஆட்சி, ஊரிலே சான்றோர் என்றார். ஒருவர் முதுமை எப்படி அமைகிறது என்பது அவர் தலையெழுத்தால் அல்ல, அவரைச் சூழ்ந்த சமுதாயத்தால் என்ற கருத்து அது.

மேல மாசி வீதி முனையில் அப்பெரியவர் இன்னும் நிற்கிறார். வழி கேட்கிறார். சிரித்துவிட்டுப் போகிறவர் போகட்டும். நாம் அவர் கையைப் பிடிப்போம். வீடு வரை கொண்டு சேர்ப்போம். மறுநாள், கோடாங்கி வீட்டுக்கல்ல, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி அவர் மக்களிடம் சொல்லிவிட்டு வருவோம்.